முள்கம்பிக்கு எந்தப் பக்கம்? ஐடிஎன் – எல்எம் அவதூறு வழக்கு உண்மையில் எதைத் தீர்த்தது

நீங்கள் கேட்டது இதுதான்: 1992-ல் போஸ்னியா முகாமில் ஐடிஎன் என்ற இங்கிலாந்து டிவி செய்தி நிறுவனம் எடுத்த காட்சி ஒரு மோசடி என்று எழுதிய எல்எம் என்ற இங்கிலாந்துப் பத்திரிகை, அவதூறு வழக்கில் தோற்று இழுத்து மூடப்பட்டதே, அப்படியானால் அந்தக் காட்சி உண்மைதான் என்று கோர்ட் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா? இல்லை, உங்கள் நண்பர் சொல்வதுபோல ஒரு பெரிய டிவி நிறுவனம் காசு பலத்தில் ஒரு சின்னப் பத்திரிகையின் வாயை அடைத்தது மட்டும்தானா? படித்தவுடன் எனக்குத் தோன்றியது, இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்பது. அந்தப் படத்தில் தெரிவது என்ன, அதை எடுத்தவர்கள் பொய் சொன்னார்களா, அந்த முகாம் எப்படிப்பட்ட இடம். லண்டன் கோர்ட் இதில் இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னது. முதலாவதுக்கு அரைகுறையாக ஒரு பதில் இருக்கிறது. மூன்றாவதுக்குப் பதில் வேறு ஊரில், வேறு கோர்ட்டில் கிடைத்தது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பித்தான் இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு தரப்பும் சண்டை போடுகின்றன.

நான் சிவில் பக்கம் வழக்காடுகிற ஆள். அவதூறு வழக்குகள், அதிலும் செய்தி சம்பந்தப்பட்டவை, என்னிடம் தொடர்ந்து வந்திருக்கின்றன. இங்கிலாந்துக் கோர்ட்டில் நின்றவன் இல்லை. ஆனால் நம் அவதூறுச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது, இந்த வழக்கைப் பல வருஷமாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். போஸ்னியப் போர் நடந்த 1992 கோடையில், வடமேற்கு போஸ்னியாவில் பிரியேடோர் என்ற ஊரைச் சுற்றி, போஸ்னிய செர்புகள் முஸ்லிம்களையும் குரோவாட்டுகளையும் பிடித்து முகாம்களில் அடைத்து வைத்திருப்பதாகச் செய்திகள் கசியத் தொடங்கின. அமெரிக்காவின் நியூஸ்டே பத்திரிகையில் ராய் கட்மன், தப்பி வந்தவர்களிடம் கேட்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் எழுதினார். போஸ்னிய செர்புத் தலைவர் ராதோவான் கராஜிச் அப்போது லண்டனுக்கு வந்திருந்தார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவர்கள் மூன்று பேர்: ஐடிஎன் செய்தியாளர் பென்னி மார்ஷல், ஐடிஎன் தயாரிக்கும் சேனல் 4 செய்தியின் இயன் வில்லியம்ஸ், கார்டியன் பத்திரிகையின் எட் வல்லியமி. ஆகஸ்ட் 5-ஆம் தேதி அவர்களை ஓமர்ஸ்காவுக்கும் திர்னோபோல்யேவுக்கும் அழைத்துப் போனார்கள். ஓமர்ஸ்கா ஒரு இரும்புத் தாதுச் சுரங்கம். அங்கே சாப்பாட்டுக் கூடத்தைத் தவிர வேறெதையும் பார்க்க விடவில்லை. மொட்டையடித்த, ஒட்டிய உடம்புக்காரர்கள் வரிசையாக ஓடி வந்து, சூப்பை அவசர அவசரமாகக் குடித்துவிட்டு ஓடினார்கள். கேமரா முன்னால் ஒருவர், பொய் சொல்ல விருப்பமில்லை, உண்மையைச் சொல்லவும் முடியாது என்ற பொருளில் ஒரு வரி சொன்னார். என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தில் பதிவானதிலேயே கனமானது அந்த வரிதான். ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது அதை இல்லை.

உலகம் நினைவில் வைத்துக்கொண்டது திர்னோபோல்யே காட்சியை. அது ஒரு பள்ளிக்கூடமும் அதையொட்டிய கட்டடங்களும் மைதானமும். வண்டியை விட்டு இறங்கிப் போனவர்களுக்கு எதிரே ஒரு கம்பி வேலி, அதற்கு அப்பால் சட்டை இல்லாத ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். முன்வரிசையில் விலா எலும்பை எண்ணிவிடக்கூடிய ஒரு இளைஞர். மார்ஷல் வேலியருகே போய்ப் பேசுகிறார், கை குலுக்குகிறார். மறுநாள் ஒளிபரப்பு. அதற்கடுத்த நாள் டெய்லி மிரர் முதல் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டு 'பெல்சன் 92' என்று தலைப்பு வைத்தது. பெல்சன் நாஜிகளின் முகாம். கவனிக்க வேண்டியது, மார்ஷலோ வில்லியம்ஸோ தங்கள் செய்தியில் நாஜி முகாமோடு ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் தலைப்பு எழுதியவர்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் 1997. ஹேக் நகரில் ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவியக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் துஷ்கோ தாதிச் என்ற போஸ்னிய செர்பு மீது அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட தாதிச் தரப்புக்குச் சாட்சியாகப் போன ஜெர்மன் பத்திரிகையாளர் தாமஸ் டைச்மன், இந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒரு சந்தேகம் எழுந்ததாக எழுதினார். முள்கம்பி, கம்பத்தின் எந்தப் பக்கம் அடிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தச் சந்தேகத்தின் தொடக்கம். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னது: அந்த முள்கம்பி முகாமைச் சுற்றி இல்லை, பக்கத்தில் ஒரு களஞ்சியமும் மின்மாற்றியும் இருந்த நிலத்தைச் சுற்றி, போருக்கு முன்பே போட்ட பழைய வேலி, டிவிக்காரர்கள் அந்த நிலத்துக்குள் நின்றுகொண்டு வெளியே இருந்தவர்களைப் படம் பிடித்தார்கள். அதாவது வேலிக்குள் இருந்தது கேமரா. லண்டனில் வந்துகொண்டிருந்த எல்எம் பத்திரிகை, முன்பு 'லிவிங் மார்க்சிசம்' என்று பெயர், இதை 1997 பிப்ரவரி இதழில் உலகையே ஏமாற்றிய படம் என்ற தோரணையில் வெளியிட்டது. ஆசிரியர் மிக் ஹ்யூம் ஒரு பத்திரிகைச் செய்திக் குறிப்பும் விட்டார். இதழைத் திரும்பப் பெற்று அழிக்கச் சொன்னது ஐடிஎன். அவர்கள் மறுத்தார்கள். வழக்கு.

இப்போது வேலி விஷயத்துக்கு வருவோம். இதில் எது நிச்சயம், எது தகராறு என்று பிரித்துச் சொல்கிறேன். நிச்சயமானது: முகாம் முழுவதையும் சுற்றி முள்கம்பி இருக்கவில்லை. செய்தியாளர்கள் நின்ற இடம் அந்தப் பழைய வேலி சூழ்ந்த நிலம்தான். வழக்கை நடத்திய நீதிபதி மோர்லண்ட், முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொல்லும்போது, தாங்கள் அந்தப் பழைய முள்கம்பி வேலிக்குள் இருக்கவில்லை என்று நினைத்ததில் செய்தியாளர்கள் தவறியிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். உடனே, அது முக்கியமா என்றும் ஜூரியைக் கேட்டார். எல்எம் ஆதரவாளர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள், எதிர்த்தரப்பு அந்த முதல் பாதியைச் சொல்லவே சொல்லாது. இரண்டும் தப்பு. தகராறு எங்கே என்றால், எதிரே நின்ற ஆண்கள் நினைத்தால் வேறு பக்கமாகப் போயிருக்க முடியுமா என்பதில். டைச்மன் தரப்பில், அது அகதிகள் வந்து தங்கிய இடம் என்ற தொனி இருந்தது. அங்கே இருந்தவர்கள் தரப்பில், துப்பாக்கியோடு காவலர்கள் நின்றார்கள், வேலி எந்தப் பக்கம் என்பது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்ற பதில். சாட்சியங்களைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் நம்பத்தக்கது. அந்த ஒட்டிய உடம்பு இளைஞர் பக்கத்து கெராதெர்ம் முகாமிலிருந்து அன்றுதான் கொண்டுவரப்பட்டவர். யாரும் விருப்பப்பட்டு அந்த நிலைமைக்குப் போவதில்லை.

ஒரு ஷாட்டில் வேலி என்ன வேலை செய்கிறது என்று, ரஷ் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். வெட்டாத மூலக் காட்சியை டிவியில் ரஷ் என்பார்கள். கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவே கம்பி இருந்தால், பார்ப்பவர் மனம் தானாகவே முகத்தை உள்ளேயும் தன்னை வெளியேயும் வைத்துக்கொள்ளும். கேமராவை யாரும் சிறைக்குள் வைத்து யோசிப்பதில்லை. இதற்குக் கேமராமேன் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் நின்ற இடமே போதும். அதற்கு மேல் எடிட்டிங்கில் அகலமான ஷாட் ஒன்று வெட்டுப்பட்டு, நெருக்கமான ஷாட் மட்டும் நின்றுவிட்டால் முடிந்தது. அதை இன்னொரு பத்திரிகை ஒரே ஒரு உறைந்த படமாக எடுத்துப் போடும்போது, மிச்சமிருந்த சூழலும் போய்விடும். டிவியில் அந்தக் காட்சி நகர்கிறது, பேச்சு இருக்கிறது, கேமரா நடக்கிறது. முதல் பக்கத்தில் கம்பியும் விலா எலும்பும் மட்டும்தான்.

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஒரு ஊர்த் திருவிழாவில் இரண்டு தரப்புக்குள் தள்ளுமுள்ளு. ஒரு உள்ளூர் சேனல் அதைக் காட்டியது. காட்சியில் ஒரு தரப்பு கயிறு கட்டி அடைத்து வைக்கப்பட்டதுபோலத் தெரிந்தது. என் கட்சிக்காரர் அந்தத் தெருக்காரர். அந்தக் கயிறு போலீஸ் கட்டியது, சேனல்காரர்தான் கயிற்றுக்கு உள்ளே நின்றார் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார், அது சரி. அதோடு நிற்காமல், காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே அப்படி எடுத்தார்கள் என்றும் எழுதிவிட்டார். நோட்டீஸ் வந்தது. ரஷ் முழுவதையும் வாங்கி, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கயிறு விஷயத்தில் அவர் சொன்னது அத்தனையும் சரி. காசு விஷயத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் இல்லை. அவரிடம் சொன்னேன், அண்ணே, கயிற்றை நான் நிரூபிச்சுத் தர்றேன், காசை நீங்க நிரூபிச்சுத் தாங்க என்று. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவிக்க அவருக்கு மனசே வரவில்லை. கடைசியில் செய்தார். இன்றைக்கும் என் மேல் கோபம்தான்.

எல்எம் தோற்றது கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான். அவதூறு வழக்கில் முதலில் கேட்பது, எழுதியதைப் படிக்கும் ஒரு சாதாரண வாசகர் என்ன புரிந்துகொள்வார் என்பது. எல்எம் எழுதியதைப் படித்தவர், செய்தியாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று புரிந்துகொள்ள மாட்டார். தெரிந்தே, திட்டமிட்டு உலகத்தை ஏமாற்றினார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். அந்த அர்த்தம் நிலைபெற்றதும் பளு மாறிவிடுகிறது. இங்கிலாந்துச் சட்டத்தில், எழுதியது பொய் என்று வாதி நிரூபிக்க வேண்டியதில்லை. எழுதியது உண்மை என்று பிரதிவாதிதான் நிரூபிக்க வேண்டும். நம் ஊர் சிவில் வழக்கிலும் இப்படித்தான். ஆக எல்எம் நிரூபிக்க வேண்டியிருந்தது வேலி எங்கே இருந்தது என்பதை இல்லை, மார்ஷலின் மனதுக்குள் என்ன இருந்தது, வில்லியம்ஸின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதை. வழக்காடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்னொருவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நிரூபிப்பது எவ்வளவு பெரிய மலை என்று. வேலியை அளந்து காட்டலாம், வரைபடம் போடலாம். எண்ணத்துக்கு ஒரு கடிதமோ, ஒரு பேச்சோ, ஒரு நேரடி சாட்சியோ வேண்டும். டைச்மனிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவர் அந்த நாளில் அங்கே இருந்தவரும் இல்லை.

ஐடிஎன் பக்கம் அங்கே இருந்தவர்கள் வந்தார்கள். அதில் முக்கியமானவர், கைதிகளில் ஒருவராக இருந்தபடியே முகாமில் வைத்தியம் பார்த்த டாக்டர். 1992 காட்சியிலேயே அவர் வருகிறார். இங்கே அடிக்கிறார்களா என்று மார்ஷல் கேட்கும்போது அவர் வாயைத் திறந்து பதில் சொல்லவில்லை, முகம்தான் சொல்கிறது. அடிபட்டவர்களின் படங்கள் இருந்த ஒரு கழுவாத பிலிம் சுருளை அவர் ரகசியமாக மார்ஷல் கையில் சேர்த்தார். எட்டு வருஷம் கழித்து லண்டன் ஹைகோர்ட்டில் ஏறி, அங்கே என்ன நடந்தது என்று சொன்னார். ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் கம்பம், கம்பி, கோணம். இன்னொரு பக்கம், காவலுக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து பிலிமைக் கொடுத்த மனிதர். 2000 மார்ச் 14 அன்று தீர்ப்பு. மார்ஷலுக்கும் வில்லியம்ஸுக்கும் ஆளுக்கு 1,50,000 பவுண்டு, ஐடிஎன் நிறுவனத்துக்கு 75,000 பவுண்டு, மொத்தம் 3,75,000. வழக்குச் செலவு இதற்கு மேல். அந்த மாதமே எல்எம் மூடப்பட்டது.

இங்கே ஒரு நுணுக்கம், இணையத்தில் இதைச் சொல்பவர்கள் குறைவு. ஜூரி காரணம் எழுதுவதில்லை. நம் ஊர் தீர்ப்பு மாதிரி நூறு பக்கத்தில் இன்னது நிரூபணம், இன்னது இல்லை என்று இருக்காது. வாதி பக்கம், இவ்வளவு தொகை, அவ்வளவுதான். அதனால் வேலி செய்தியாளர்களைச் சுற்றி இல்லை என்று கோர்ட் கண்டறிந்தது என்று யாராவது எழுதினால் அது தவறு. வேலி விஷயத்தில் எல்எம் சொன்னதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது என்று எழுதினால் அதுவும் அளவுக்கு மீறியது. நீதிபதி சொன்னது தன் பார்வை, முடிவு ஜூரியுடையது. அந்த முடிவிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: செய்தியாளர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டை எல்எம் நிரூபிக்கவில்லை.

மூன்றாவது கேள்வி, முகாம் எப்படிப்பட்டது. இதற்குப் பதில் தேட வேண்டிய இடம் லண்டன் இல்லை, ஹேக். தாதிச் வழக்கில் 1997 மே மாதம் வந்த தீர்ப்பிலிருந்தே ஓமர்ஸ்கா, கெராதெர்ம், திர்னோபோல்யே மூன்றும் விரிவாக வருகின்றன. ஓமர்ஸ்காவில் கொலையும் சித்திரவதையும், திர்னோபோல்யேயில் அடியும் பெண்களை வன்புணர்ந்ததும் சாட்சியத்தோடு பதிவாகியிருக்கின்றன. பிரியேடோர் ஊர் நிர்வாகத்தின் தலைவராக இருந்த மிலோமிர் ஸ்தாகிச்சுக்கு 2003-ல் ஆயுள், 2006-ல் அப்பீலில் அது 40 வருஷமாகக் குறைந்தது. வந்து பாருங்கள் என்று சவால் விட்ட கராஜிச்சுக்கு 2016-ல் 40 வருஷம், 2019-ல் அது ஆயுளாக மாறியது. அந்தக் காட்சி ஒளிபரப்பான பதினைந்தாம் நாள், ஆகஸ்ட் 21 அன்று, திர்னோபோல்யேயிலிருந்து பரிமாற்றத்துக்கு என்று பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போன கூட்டத்திலிருந்து சுமார் 200 ஆண்களைத் தனியாகப் பிரித்து, கோரிசானி என்ற இடத்தில் மலைச்சரிவின் விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். அதில் பங்கெடுத்த ஒருவர் ஹேக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 17 வருஷத் தண்டனை வாங்கினார். வேலியின் பக்கத்தை வைத்து அது ஒரு சாதாரண அகதி முகாம் என்று இன்றைக்கும் வாதாடுபவர்கள் இந்த 200 பேருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை, அந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு எரியும்.

அதே நேரத்தில் மறுபக்கமும் சொல்ல வேண்டும். பிரியேடோர் முகாம்களில் நடந்ததை ஹேக் தீர்ப்பாயம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று தீர்த்தது. இனப்படுகொலை என்ற சட்டக் குற்றம் அங்கே நிரூபணமானதாகச் சொல்லவில்லை. போஸ்னியாவில் அந்தப் பெயர் நிலைத்தது 1995-ல் நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைக்குத்தான். 'பெல்சன் 92' என்ற தலைப்பு சரியா என்று கேட்டால், என் பதில் இல்லை. அது படத்தில் இல்லாததைப் படத்தின் மேல் ஏற்றியது. எல்எம் அன்றைக்கு, இந்தப் படத்தைப் பத்திரிகைகள் பயன்படுத்திய விதம் தவறு, எடுத்தவர்கள் தாங்கள் நின்ற இடத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தால், அது மதிக்கத்தக்க விமர்சனம். வழக்கே வந்திருக்காது, வந்தாலும் நின்றிருக்காது என்பது என் கணிப்பு. அவர்கள் அதற்கு மேலே ஒரு படி ஏறினார்கள். அந்தப் படிக்குக் கீழே ஒன்றும் இல்லை.

உங்கள் நண்பர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. மார்ஷலும் வில்லியம்ஸும் தனிமனிதர்களாக வழக்கு போட்டதை நான் முழுவதும் ஏற்கிறேன். செய்தியாளருக்கு நாணயம் மட்டும்தான் சொத்து, திருடன் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, பொய்யன் என்றால் தொழிலே போயிற்று. ஆனால் தினமும் லட்சக்கணக்கானவர்களிடம் பேசும் ஒரு டிவி நிறுவனம், பதில் சொல்ல அத்தனை வசதி இருக்கும்போது, கோர்ட்டுக்குப் போனது எனக்கு உறுத்துகிறது. மூல ரஷ் முழுவதையும் முதல் வாரமே பொதுவில் வைத்து, நாங்கள் நின்ற இடம் இது, அவர்கள் நின்ற இடம் இது, காவலர்கள் இங்கே என்று ஒரு மணிநேர நிகழ்ச்சி போட்டிருந்தால் விவாதம் அங்கேயே பெரும்பாலும் அடங்கியிருக்கும். வழக்கு போட்டதால், மூடப்பட்ட பத்திரிகை சிலருக்குத் தியாகி ஆகிவிட்டது, அந்தக் கட்டுரை இன்றுவரை தடைசெய்யப்பட்ட உண்மை என்ற பளபளப்போடு சுற்றுகிறது.

சட்டமும் அப்புறம் மாறியது. 2013-ல் வந்த அவதூறுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் அமலில் இருக்கிறது. இப்போது தன் பெயருக்குக் கடுமையான கெடுதல் நேர்ந்தது, அல்லது நேரக்கூடும் என்று வாதி காட்ட வேண்டும். லாபம் ஈட்டும் நிறுவனம் என்றால் கடுமையான பண நஷ்டம் என்று காட்ட வேண்டும். பொதுநலனுக்காக நியாயமாக நம்பி வெளியிட்டேன் என்று ஒரு தற்காப்பு எழுத்திலேயே இருக்கிறது. ஜூரியும் பெரும்பாலும் கிடையாது, நீதிபதி காரணம் எழுதுவார். உண்மையை நிரூபிக்கும் பளு மட்டும் மாறவில்லை, அது இன்றும் எழுதியவர் தலையில்தான். இந்தச் சட்டத்தில் அன்றைக்கு வழக்கு நடந்திருந்தால் ஐடிஎன் நிறுவனத்தின் 75,000 பவுண்டு சந்தேகம்தான், இரண்டு செய்தியாளர்கள் அப்போதும் ஜெயித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு காட்சி உண்மையா என்ற கேள்விக்கு அவதூறு வழக்கு எவ்வளவு மோசமான கருவி என்பதற்கு பிரான்ஸில் நடந்த ஒன்றையும் பாருங்கள். 2000 செப்டம்பர் 30 அன்று காஸாவின் நெட்சாரிம் சந்திப்பில், தந்தையின் பின்னால் ஒண்டியிருந்த சிறுவன் முகம்மது அல்-துர்ரா சுடப்பட்ட காட்சியை பிரெஞ்சு டிவி சேனல் பிரான்ஸ் 2 ஒளிபரப்பியது. பிலிப் கார்சென்டி என்பவர் 2004-ல் அது நாடகம் என்று எழுதினார். பிரான்ஸ் 2-வும் அதன் செய்தியாளர் ஷார்ல் ஆந்தெர்லினும் வழக்கு போட்டார்கள். 2006-ல் கார்சென்டி தோற்றார். 2008-ல் மேல் கோர்ட் ரஷ்ஷைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு அவரை விடுவித்தது. காட்சி பொய் என்று சொல்லி விடுவிக்கவில்லை, இவர் நல்லெண்ணத்தோடு விமர்சித்தார் என்ற அடிப்படையில். 2012-ல் உச்ச மேல்முறையீட்டு கோர்ட், ரஷ்ஷைக் கொண்டுவரச் சொன்னதே தப்பு என்று அந்த விடுதலையை ரத்து செய்தது. 2013-ல் மறுபடி தோற்று, 7,000 யூரோ. ஏழு வருஷத்தில் முடிவு மூன்று முறை புரண்டது. காட்சி ஒரு பிரேம்கூட மாறவில்லை. மாறியதெல்லாம் எந்த ஆதாரத்தைக் கேட்கலாம், எந்த எண்ணத்தோடு எழுதினார் என்ற சட்டக் கேள்விகள்.

இதோடு ஒப்பிட நமக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. 2009 ஆகஸ்டில் சேனல் 4 செய்தி, அதே ஐடிஎன் தயாரிப்பது, இலங்கையில் கைகள் பின்னால் கட்டப்பட்ட நிர்வாண ஆண்களைச் சுடும் செல்போன் காட்சியை ஒளிபரப்பியது. இலங்கை அரசு போலி என்றது. அவதூறு வழக்கு எதுவும் இதைத் தீர்க்கவில்லை, அரசு நினைத்தாலும் எளிதில்லை. அரசு அமைப்பு தன் பெயருக்காக அவதூறு வழக்கு போட முடியாது என்று அன்று இங்கிலாந்தின் உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை 1993-ல் டெர்பிஷயர் வழக்கில் சொல்லிவிட்டது, அடுத்த வருஷம் நம் சுப்ரீம் கோர்ட்டும் நக்கீரன் வழக்கில் அதை எடுத்தாண்டது. ஆக அந்தக் காட்சி வேறு வழியில் போனது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகளைக் கவனிக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களை அமர்த்தினார்: தடயவியல் மருத்துவர், துப்பாக்கி நிபுணர், காட்சி ஆய்வாளர். துப்பாக்கி பின்னுதைப்பது, உடல் விழும் விதம், காட்சி வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, காட்சி உண்மையானது என்பதற்கு வலுவான அறிகுறிகள் இருப்பதாக 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார். அதோடு விளக்க முடியாத சிலவற்றையும் சேர்த்தே சொன்னார்: சிலரின் அசைவு, கடைசி 17 பிரேம்கள், கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி, அது போர் முடிந்து இரண்டு மாதம் கழித்து. அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், நீளமான இன்னொரு பதிவும் கிடைத்தபின் 2011-ல் உண்மையானது என்ற முடிவுக்கு வந்தார். யார் யாரைப் பொய்யன் என்றார்கள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை, கேட்டது முழுக்கக் காட்சியைப் பற்றி. அதனால்தான் பதிலும் காட்சியைப் பற்றிக் கிடைத்தது.

சரி, நண்பரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வேலி விஷயத்தில் அவர் சொல்வதை ஒத்துக்கொள்ளுங்கள், கேமரா பழைய முள்கம்பிக்குள்தான் நின்றது. வழக்கு அந்தப் பத்திரிகையை அழித்தது என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவரிடம் இரண்டு கேளுங்கள்: செய்தியாளர்கள் தெரிந்தே ஏமாற்றினார்கள் என்பதற்கு, அந்த வேலியைத் தவிர வேறு என்ன ஆதாரம் இருக்கிறது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அன்றைக்கு மாலை தங்கள் வீட்டுக்குப் போயிருக்க முடியுமா. இரண்டாவதுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று முடிந்தால் இங்கே எழுதுங்கள். ஹேக் தீர்ப்புகளில் திர்னோபோல்யே பற்றி வரும் பகுதிகளை நான் தமிழில் சுருக்கி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.